நாலு என்றால் எத்தனை?

ஆரணியில் பட்டுப்புடவை வாங்கி விற்கிற குமரேசனுக்கு அந்த வாரம் ஒன்றுமே புரியவில்லை. பதினெட்டு வருஷமாக அவருக்கே நெய்துகொண்டிருந்த அருணகிரி, திங்கட்கிழமை காலையில் போன் போட்டு, "இனிமே உங்களுக்கு நெய்யலைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்கக்கூட விடவில்லை. வேலூர்க் கடைக்குக் கல்யாண சீசனுக்குள் ஆறு புடவை கொடுத்தாக வேண்டும். அருணகிரி போனால் அந்தக் கடையும் கைநழுவிப் போகும்.

இந்தக் குழப்பத்தோடுதான் புதன்கிழமை, உள்ளூர்க் கல்லூரியில் வியாபாரிகளுக்கு நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போனார். பாடம் எடுத்த சசிகலா, "இன்னிக்கு போர்டு கிடையாதுங்க, விளையாட்டுதான்" என்றார். மூன்று மேஜைகள்: கடை, மொத்த வியாபாரி, நெசவாளர். மஞ்சள் அட்டை ஒன்று ஒரு புடவை. ஒரு சுற்று ஒரு வாரம். யாரும் பேசக்கூடாது, வேண்டியதைச் சீட்டில் எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். குமரேசனை நெசவாளர் மேஜையில் உட்கார வைத்தார்கள்.

முதல் சீட்டில் நாலு என்றிருந்தது. குமரேசன் சிரித்துக்கொண்டே இரண்டு அட்டை அனுப்பினார். நாலு கேட்டால் இரண்டு வேண்டும் என்று அர்த்தம். அவரே ஆறு வேண்டுமென்றால் பன்னிரண்டு என்றுதான் நெசவாளியிடம் சொல்வார். அவருக்குத் தெரிந்த வழக்கம் அது. அடுத்த சீட்டில் ஏழு. பிறகு பன்னிரண்டு. பிறகு இருபது. அடடா, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறதே என்று மாங்கு மாங்கென்று அட்டை அடுக்கினார். அதற்கப்புறம் சீட்டில் பூஜ்யம். மறுபடியும் பூஜ்யம். எதிரே முப்பது அட்டை குவிந்து கிடந்தது.

"இது என்னா பேஜாரு! கேக்கறதும் நீங்களே, வேணாங்கறதும் நீங்களேவா?" என்று எரிந்து விழுந்தார்.

சசிகலா கடை மேஜையின் தாளை எடுத்துக் காட்டினார். கடையில் வாராவாரம் விற்றது நாலே நாலு. முதலிலிருந்து கடைசி வரை அதேதான்.

"அப்போ அந்த இருபது யாருக்குங்க?"

"யாருக்கும் இல்லைங்க சார். நாலு கேட்டதுக்கு நீங்க ரெண்டு அனுப்புனீங்க. வராம போயிடுமோன்னு பயந்து மொத்த வியாபாரி மேஜைக்காரங்க கூட்டிக் கேட்டாங்க. கூட்டிக் கேட்டதை நீங்க நம்பிட்டீங்க."

"நாலு வேணும்னா எட்டுன்னு இல்ல எழுதணும்?"

வகுப்பே சிரித்தது. குமரேசன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அட்டைக் குவியலை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். போன சீசனில் அருணகிரியிடம் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தார். அதற்கு முந்தின சீசனில் குறைத்துக் கொடுத்து வாங்கிய வசவே போதும் என்று அந்த மனுஷன் பன்னிரண்டையும் நெய்துவிட்டார். குமரேசன் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு, "உனக்குத் தெரியாதா அருணகிரி" என்று முதுகில் தட்டிவிட்டு வந்தார். மீதி ஆறும் என்னவாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. தப்பு தன்மேலா, வழக்கத்தின் மேலா? அதுவும் விளங்கவில்லை. நேரே அருணகிரி வீட்டுக்கு வண்டியை விட்டார்.

"அந்த ஆறு புடவையும் இருக்கா? நான் எடுத்துக்கினு போறேன்."

"போன மாசமே வந்த வெலைக்குத் தள்ளிட்டேங்க" என்றார் அருணகிரி, தறியிலிருந்து நிமிராமல்.

"தப்புதான் அருணகிரி. மனசுல வெச்சுக்காத. இந்த வாட்டி எனக்கு ஆறு வேணும். நெசமாவே ஆறு."

தறி நின்றது. அருணகிரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியிடம், "ஜெயம், மொதலாளி மூணு கேக்கறாரு. நெய்ஞ்சு குடுத்துடலாமா?" என்றார்.

"மூணு இல்லப்பா, ஆறு!"

"சரிங்க, சரிங்க. மூணு கண்டிப்பா குடுத்துடறேன்."

குமரேசனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷனிடம் ஆறு என்பதை எப்படித்தான் சொல்வது? பன்னிரண்டு என்று சொன்னால் போதும், ஆறு வந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எங்கே சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு, அருணகிரியின் முகத்துக்கு நேரே ஆறு விரலை நீட்டியபடி நின்றார்.