அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்ல

என் மனைவியின் குரலைக் கொழும்பில் எடுத்துவிட்டார்கள். நான் அப்படித்தான் சொல்வேன். தொண்டையில் வளர்ந்த கட்டியை எடுத்தபோது குரல்வளையும் சேர்ந்து போயிற்று, மூச்சு விட கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்திருக்கிறோம் என்று டாக்டர் விளக்கினார். உயிர் மிஞ்சியதே பெரிய காரியம் என்று குருக்கள்மடத்தில் பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கும் அவளுடைய குரல் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. கட்டாரில் புருஷனோடு இருக்கும் எங்கள் மகளுக்கு என்னைவிட அதிகம் தேவைப்பட்டது.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. தாய் போய்ப் பக்கத்தில் நிற்க முடியாது, மகளாலும் வர முடியாது. வீடியோவில் பேசலாம் என்றால் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். கழுத்துத் துளையை வயிற்றுப் பிள்ளைக்காரி பார்க்கக் கூடாதாம். அதனால் வெறும் போன் கோல்தான். மகள் பேசுவாள், தாய் போனின் முதுகில் நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஓம், இரண்டு தட்டு என்றால் இல்லை. சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று வலதுகைச் சுட்டுவிரல் நகத்தை வெட்டாமல் வளர்த்தாள்.

டோர்ச் லைட் போல ஒரு கருவி இருக்கிறது, கழுத்தில் அழுத்திப் பிடித்து வாயை அசைத்தால் சொல் வெளியே வரும் என்று கிளினிக்கில் ஒரு நேர்ஸ் மிஸ்தான் சொன்னார். குரல் மிசின் மாதிரித்தான் இருக்கும், பழைய குரல் வராது. பரவாயில்லை. பிரசவ அறைக்குள் போகுமுன் மகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனைவி கொப்பியில் எழுதிக் காட்டினாள். 'பயப்படாத, மகள்' என்ற இரண்டே சொல்தான். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

கொழும்பில் அதன் விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். இணையத்தில் சீனாவிலிருந்து எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. அனுப்புவதில் இரண்டு வழி காட்டினார்கள். பத்து நாளில் வருவதற்குக் கருவியின் விலையில் பாதி கேட்டார்கள். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நாளில் வருவது இலவசம். மகளின் நாளுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. நாற்பத்தைந்து நாள் என்றாலும் மிச்சம் கிடக்கிறதே என்று நினைத்து இலவசத்தை அழுத்தினேன். கெட்டிக்காரத்தனம்!

பிறகு முகவரி கேட்டது. சுங்கத்துக்காக அடையாள அட்டை இலக்கமும் கேட்டது. நான் முப்பது வருடம் பிரதேச செயலகத்தில் கிளார்க்காக இருந்தவன். 'ஐடென்டி கார்டில உள்ள மாதிரியே எழுதுங்க, ஒரு எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க' என்று ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன், சிலரை அழ அழத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். அந்தக் கை சும்மா இருக்குமா? அட்டையை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுப் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து அடித்தேன். அடித்து முடித்ததும் ஒரு தடவை சரியும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என் வேலை பொதியின் இலக்கத்தைப் போனில் அடித்து அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான். காலையில் பல் துலக்குமுன் பார்ப்பேன், சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பேன். பொதி ஏற்கப்பட்டது. பொதி வரிசைப்படுத்தும் நிலையத்தில் இருக்கிறது. பிறகு பன்னிரண்டு நாள் அதே நிலையம். மனைவி கொப்பியில் 'நடந்தா வருகுது?' என்று எழுதிக் காட்டிச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டி, டெலிவரி எப்ப என்று கேட்டபோது, கொழும்புக்கு வந்திட்டுதாம், இந்தக் கிழமைக்குள்ள கொண்டு வந்து தந்திடுவாங்க என்று சொல்லிவிட்டேன். அவள் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாள் என்று உள்ளே வந்த பிறகுதான் விளங்கியது. அந்த அளவுக்குப் புத்தி மழுங்கிப் போயிருந்தது.

கொழும்புக்கு வந்தபோது நாற்பத்தொன்பது நாள் முடிந்திருந்தது. சுங்கத்தில் இன்னும் பத்தொன்பது நாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, 'விநியோகத்துக்குப் புறப்பட்டது' என்று காட்டியது. அன்று பார்த்து மனைவிக்குக் கிளினிக். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வரிசையில் இருந்தேன். வெளியே வந்து பார்த்தால் தெரியாத இலக்கத்திலிருந்து இரண்டு அழைப்பு. திருப்பி எடுத்தேன், எடுபடவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து அயலில் விசாரித்தேன். ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை முழுக்க வாசலில் கதிரை போட்டு இருந்தேன். ஞாயிறு காலை போன் சொன்னது: 'அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை. அனுப்பியவருக்குத் திரும்புகிறது.'

எந்த முகவரியில்? ஓடரைத் திறந்து பார்த்தேன். வவுணதீவு.

என் அம்மாவின் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டுக்குத்தான் போவான். பிறந்த வீடு சகோதரிக்குச் சீதனமாகப் போகும், எங்களுடையது தங்கச்சிக்குப் போனது. நான் குருக்கள்மடத்துக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். ஆனால் அடையாள அட்டை படிக்கிற காலத்தில் எடுத்தது, அதில் இன்னும் அம்மாவின் வீடுதான் இருக்கிறது. ஊராருடைய அட்டையை எல்லாம் மாற்றக் கடிதம் எழுதிக் கொடுத்தவன், என்னுடையதை மாற்றவில்லை. வீட்டுக்குள் போய் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அன்று அது ஊர்ந்தது. அக்கரையில் இறங்கி வயல் வட்டையை ஊடறுத்துப் போகும் வீதியால் ஓடித் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. அவள் முற்றத்தில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தாள். பார்சல் ஏதும் வந்ததா என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை என்றாள். வெள்ளிக்கிழமை யாரும் வந்தார்களா என்று கேட்டேன். தீன் சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஓம் அண்ணன். ஒருத்தன் வந்தான். ஹெல்மட்டும் கழட்டல்ல. உங்கட முழுப் பேரையும் சொல்லிக் கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

இதையும் கேட்க வேண்டுமா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்ல எண்டன்."

முழுப் பெயரைச் சொல்லி என்னை வீட்டில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. சண்டைக் காலத்தில் ஆள் பிடிக்கக் கையில் பட்டியலோடு வந்தவர்கள்தான் அப்படிக் கேட்டார்கள். எந்தப் பக்கத்து ஆள் வந்து கேட்டாலும் எங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. ஒரு தடவை கேட்டபோது வாசல் படலையில் நின்றது இவள்தான். வயது பதினான்கு. நான் உள்ளே நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். இதே சொல்லை, இதே குரலில், கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். நான் இன்று உயிரோடு இருப்பது அந்தச் சொல்லால்தான்.

அவளை நான் என்ன சொல்லி ஏச?

"ஏன் அண்ணன், ஆரவன்? என்ன பிரச்சினை?" என்றாள். முகம் வெளிறியிருந்தது.

"ஒண்டுமில்ல. நானொரு சாமான் ஓடர் பண்ணின."

"மச்சாள்ட சாமானா?"

"இல்ல. ரேடியோ ஒண்டு."

அவள் போட்டுத் தந்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தேன்.

திங்கட்கிழமை கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். பொதி ஞாயிறே கொழும்புக்கு ஏறிவிட்டதாம். கொழும்பு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், பாட்டுப் போட்டது. இருபது நிமிடம் பாட்டுக் கேட்டுவிட்டுச் சிங்களத்துக்கு ஒன்றை அழுத்தி, அலுவலகத்தில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். ஒரு பெண்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். திரும்பிப் போக விழுந்த பொதியை மறிக்க சிஸ்டத்தில் இடமில்லை என்றாள். அது என் மனைவியின் குரல் என்று சொல்லப் பார்த்தேன். அதற்குச் சிங்களம் எனக்குத் தெரியவில்லை. வேறு ஒன்று எடுப்பதென்றாலும் வேகமான வழிக்குப் பத்து நாள். மகளின் நாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அன்று பின்னேரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, முகவரி, தங்கச்சி சொன்ன சொல், ஒன்றும் விடவில்லை. அவள் ஒன்றும் எழுதவில்லை. இராச்சோறு போட்டுத் தந்தாள், கோப்பை கழுவினாள், மறுநாள் மத்தியானம் வரைக்கும் கொப்பியைத் தொடவில்லை. மறுகா வந்து பேனையை எடுத்து ஒரு வரி எழுதினாள்: 'தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதீங்க.'

அந்தப் பொதியோ, திரும்பிப் போகும்போது என்ன வேகம்! மூன்றே நாளில் சீனாவில் இறங்கிவிட்டது.

பேரன் பிறந்ததை மருமகன்தான் சொன்னார். மகளை விடியும் முன்பே உள்ளே கொண்டு போயிருந்தார்கள், ஒரு தட்டுத் தட்டவும் வாய்க்கவில்லை. மறுநாள் மகள் கோல் எடுத்தாள். குரல் களைத்திருந்தது. மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். நான் கதவடியில் நின்றேன்.

பிள்ளை மூன்று கிலோ, பால் குடிக்கிறான், மூக்கு அம்மாவின் மூக்கு என்று மகள் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு.

"உள்ளுக்குக் கொண்டு போகக்குள்ள நல்லாப் பயந்திட்டன் அம்மா. அந்த மிசின் இன்னும் வரல்லையா?"

இரண்டு தட்டு.

"ஏனம்மா? அப்பா ஏதும் பிழை உட்டுட்டாரா?"

மனைவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

இரண்டு தட்டு. நகம் வளர்த்திருந்தாள் அல்லவா, நன்றாகவே கேட்டது.