சாம்பல் நிறக் கோட்டு

எங்கள் சலவைக் கடையில் அவளுக்குப் பெயர் ஸ்டீம் அக்கா. நீராவி இஸ்திரி மேஜையில் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். கவுன்டரில் துணியை வாங்கி நம்பர் சீட்டு குத்துவது என் வேலை. எனக்கு வாய் நீளம், அவளுக்குக் கை நீளம். தப்பாக நினைக்க வேண்டாம், அடுத்தவர் பாக்கெட்டில் கை விடுவதுதான் அவள் சம்பளம் வாங்கும் வேலை. மெஷினுக்குப் போகும் முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் அவள் துழாவியாக வேண்டும். ஒரு பேனா தப்பினால் போதும், ஒரு மெஷின் துணியும் நீலமாகிவிடும். கிடைத்ததை ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே துணியின் நம்பரை எழுதி என்னிடம் தருவாள்.

கடை விடுமுறை நாளில் அந்தப் பொருள்களைப் பற்றி வலைப்பூவில் எழுதுவாள். பல் மருத்துவரின் சட்டையில் கிடைத்த பால் பல். லிஃப்ட் மெக்கானிக்கின் பேன்ட்டில் இருந்த குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். யாருடையது என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று துணியின் நிறத்தை மட்டும் மாற்றிவிடுவாள். "நிறம் மட்டுந்தான் என் பொய்" என்பாள். நாற்பது பேர் படித்தால் அதிகம். அதில் நானும் ஒருத்தி. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை வரியா என்று திட்டிக்கொண்டே ஒன்று விடாமல் படிப்பேன்.

ஒன்றே ஒன்றைத்தான் என்னால் திட்ட முடியவில்லை. இறந்துபோன கணவரின் சாம்பல் நிறக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சலவைக்குக் கொண்டுவருகிறாள் ஒரு வாடிக்கையாளர். உள்பாக்கெட்டில் தொலைதூர பஸ் டிக்கெட். ஒரே ஒரு இருக்கை, போக மட்டும். தேதி அவர் இறந்ததற்கு மறுநாள். அப்படி ஒரு பயணத்தைப் பற்றி அவர் மனைவியிடம் மூச்சு விட்டதில்லை.

"அந்தக் கோட்டுக்காரம்மா யாருக்கா?" என்று குடைந்தேன்.

"நீ அன்னிக்கு லீவு" என்றாள்.

கடைக்கு வந்த கோட்டுகளின் பொத்தான் வரை ஞாபகம் வைத்திருப்பவள் நான். இருந்தாலும் நம்பினேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ஏழு வருடத்துக்கு முன் வேலை செய்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள். இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறாள். மூக்குக்கு மேல் கோபம் வரும், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். போன வாரம் மதியம் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள்.

"அம்மா, நீ எழுதுனதை எல்லாம் ஒருத்தி திருடிப் போட்டிருக்கா. பதினோரு கட்டுரை! என்கூட வேலை பாக்கற பொண்ணு படிச்சுட்டு அழுதேன்னு எனக்கே அனுப்புறா. பாத்தா, உன் கட்டுரை!"

ஏதோ ஓர் இணைய இதழ். மேலே ஒரு பெண்ணின் சிரித்த படம். கீழே எங்கள் பால் பல், எங்கள் ஒற்றைச் சாக்ஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "ஓ" என்றாள். திரும்பவும் சட்டைக் கையைத் தேய்க்கப் போய்விட்டாள்.

"என்னக்கா, யார் வீட்டு விஷயமோ மாதிரி நிக்கற?"

"ஒண்ணும் தோணல. என்ன பண்ணச் சொல்ற?"

அவள் பொய் சொல்லவில்லை. முகத்தில் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

மகள் விடவில்லை. "நானே அவளுக்கு எழுதிக் கேட்டேன். பத்தை எடுத்துடறாளாம். அந்தக் கோட்டு கட்டுரையை மட்டும் எடுக்க மாட்டாளாம். அது அவ சொந்தக் கதையாம்."

படித்துக் காட்டினாள். அக்கா 'ஒரு வாடிக்கையாளரின் கணவர்' என்று எழுதியிருந்த இடமெல்லாம் 'என் அப்பா' ஆகியிருந்தது. 'என் அப்பாவின் சாம்பல் நிறக் கோட்டு இன்றும் என் அலமாரியில் தொங்குகிறது' என்று முடிந்தது. கீழே முந்நூறு பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா போட்ட தேதிதானே முன்னாடி?" என்றேன்.

"அதையும் சொன்னேன். உங்க கடைக்கு அந்தக் கோட்டைக் கொண்டுவந்ததே அவ அம்மாதானாம். எப்படிப் பூசி மெழுகறா பாருங்க! டிக்கெட் அவகிட்ட இருக்காம். இல்லேன்னு நிரூபிங்கறா."

"நிரூபிச்சுட்டாப் போச்சு" என்று நான் பழைய பதிவேட்டை இழுத்தேன். "அந்தக் கோட்டுக்காரம்மா பேரு இதுல இருக்கும். கண்டுபிடிச்சு ஃபோன் பண்ணிடுவோம்."

"அதுல இருக்காது" என்றாள் அக்கா.

நீராவியை நிறுத்தினாள். தன் கைப்பையிலிருந்து எங்கள் கடை உறை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். நம்பர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

மகள் பிரித்தாள். டிக்கெட்டில் பயணியின் பெயரைப் படித்தாள். தேதியைப் படித்தாள். மறுபடியும் பெயரைப் படித்தாள்.

"இது அப்பா பேரு."

"கோட்டு சாம்பல் இல்ல" என்றாள் அக்கா. "பிரவுன்."

அந்த பிரவுன் கோட்டு எனக்கும் தெரியும். குளிர் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் அக்காவை அழைத்துப்போக வாசலில் வந்து நிற்பார்.

"அதை நீ தூக்கிக் குடுத்துட்டியேன்னு உன்கூட ஒரு மாசம் பேசாம இருந்தேனே" என்றாள் மகள். "அப்பகூடச் சொல்லலையேம்மா."

"உனக்காவது அவர் நல்லபடியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எங்க கெளம்பினாரு? யாரைப் பாக்க?"

"தெரியாது. கேக்கறதுக்கு அவர் இல்ல."

"அழுதியா?"

அக்கா யோசித்தாள். "இதைப் பாத்த அன்னிக்கு இருபத்தேழு சட்டை இருந்துச்சு. தேய்ச்சேன்."

மகள் ஃபோனை எடுத்து டிக்கெட்டுக்கு மேலே பிடித்தாள். ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், அந்தத் திருடி வாயைத் திறக்க மாட்டாள். அனுப்புடி, அனுப்புடி என்று எனக்குள் அடித்துக்கொண்டது. படம் வெளியே போனால் அந்தப் பெயரும் சேர்ந்து போகும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அக்கா தடுக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகளின் கையையே பார்த்தாள்.

ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள் மகள்.

"மத்த பத்தையும் இன்னிக்கே எடுக்கச் சொல்றேன். இது மட்டும் அங்கயே கிடக்கட்டும்." குரல் கொஞ்சம் பிசிறியது. "இந்த அப்பா அவளுக்கே அப்பாவா இருக்கட்டும்மா."

அக்கா தலையாட்டினாள். மகள் டிக்கெட்டை உறைக்குள் போட்டு, உறையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அக்கா நீராவியைத் திறந்துவிட்டு, துணிக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மெஷினைத் திறந்தேன். முப்பது வெள்ளைச் சட்டையும் நீலமாக இருந்தன. எந்தச் சட்டையிலோ ஒரு பேனா. அக்காவின் பதினெட்டு வருடத்தில் முதல் முறை. முதலாளி வந்து யார் பாக்கெட் பார்த்தது என்று கத்தியபோது, நான்தான் என்று சொன்னேன்.