ஏழாம் காட்டு மரங்களை அம்மா கொல்லவில்லை

பால் மருந்தின் வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. பாமாயிலில் கலந்த ஒரு புளிப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கை விட்டுப் போகாது...

பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்கள். செமோர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை. ரப்பர் மரத்தில் வெட்டுக்குக் கீழே பட்டையைச் சுரண்டி, பிரஷ்ஷால் அந்த மருந்தைப் பூச வேண்டும். பூசினால் பால் கூடுதலாக ஒழுகும்.

முதலில் மாதம் ஒரு முறை. பிறகு ஆபீஸ் உத்தரவு: வாரம் ஒரு முறை. எஸ்டேட்டின் எல்லா ரப்பர் காட்டுக்கும் ஒரே அளவு.

அம்மா அங்கேதான் பால் வெட்டினாள். ஏழாம் நம்பர் காடு. இருபது வருடக் கை. உளி பட்டையோடு நின்றுவிடும், உள்மரத்தைத் தொடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும். அம்மாவின் மரங்கள் வழவழவென்றிருக்கும்.

மூன்றாம் மாதம் ஏழாம் காடு வறண்டது. பால் வடியும் மங்குகள் காலி.

காலைப் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். எல்லாரும் வரிசையில் நிற்கிறோம். எங்களை மேய்க்கும் மண்டோர் சுப்பையா அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"என்னாக்கா, அதே மருந்துதானே நாலாம் காட்டுக்கும்? அங்க பால் கொட்டுது. ஒங்க மரம் மட்டும் செத்துப்போச்சா? வெட்டத் தெரியாம காயம் போட்டுட்டு... கண்ணாடி வாங்கிப் போடுங்க லா."

யாரோ சிரித்தார்கள்.

"காயம் எங்க இருக்குன்னு வந்து காட்டுங்கண்ணே."

"அதுக்கெல்லாம் டைம் இல்ல. நாளைலேருந்து புல்லுக்கு மருந்தடிக்கப் போங்க."

கடைசிவரை அவர் வந்து பார்க்கவில்லை. நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு காம்பாரில் பல்கலைக்கழகப் படிப்பு. இரண்டாம் ஆண்டு, ஒரு மதிய வகுப்பு.

அந்த மருந்து மரத்துக்குள் எத்திலீனாக மாறுகிறது. எத்திலீன் மரத்தின் ஹார்மோன். ஹார்மோன் செய்தியை மட்டுமே கொண்டுபோகும். செய்தி கேட்ட செல்லுக்குள் எந்த மரபணு திறக்கும், எவ்வளவு திறக்கும் என்பது மரத்தின் இனத்தைப் பொறுத்தது. ஓர் இனம் தாங்கும். இன்னோர் இனம் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதை வாராவாரம் விரட்டினால் செல்லில் சர்க்கரை தீர்ந்து, பால் குழாய் அடைத்துப்போகும்.

நாலாம் காடும் ஏழாம் காடும் வேறு வேறு இனம். ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்திலேயே அது எழுதியிருந்தது. தினமும் அதன் கீழே உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறி, அம்மா இருந்த புந்தோங் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேஸ் அடுப்பை அணைத்தாள்.

"அப்போ... நான் காயம் போடலையா?"

அவளும் நம்பியிருக்கிறாள். அத்தனை நாளும், தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு. அந்த ஒரு கேள்விக்காக என்னால் இன்றைக்கும் யாரையும் மன்னிக்க முடியவில்லை.

ஏழாம் காட்டில் இப்போது இரட்டை மாடி வீடுகள். எடுத்துக் காட்ட ஒரு மரம் இல்லை. நம் எஸ்டேட் ஆட்களின் இந்தக் குழுவில் நீங்கள் பழைய படம் போட்டு, "அது ஒரு காலம்" என்று எழுதுகிறீர்கள். எனக்கு லைக் போடக் கை வரவில்லை.

அன்று பெரட்டில் நின்றவர்களில் பலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். சிரித்தவரும் இருக்கலாம். எல்லார் முன்னாலும் சொன்ன பழிக்கு எல்லார் முன்னாலும்தான் பதில்.

பூசச் சொன்னது ஆபீஸ். பூசியது நான். எங்கம்மா சரியாகத்தான் வெட்டினாள்.