வடிந்துவிடும் என்று சொன்ன தண்ணீர்

"மழை விட்டால் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். யாரும் பதற வேண்டாம்."

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிசம்பர் முதல் வாரத்துத் திங்கட்கிழமை காலை 9.42 மணிக்குப் பதிவான செய்தி இது. அனுப்பியவன் நான். கீழே மூன்று பேர் கும்பிட்டிருக்கிறார்கள். இன்னும் அழிக்கவில்லை.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மழைமானி வைத்தேன். காலையில் அளந்து, நோட்டில் குறித்து, தேதியோடு குழுவில் போடுவேன். அளவோடு ஒரு வரி வியாக்கியானமும் இருக்கும். ஈரோட்டில் மிளகாய் காயப்போடுவதற்கும் என்னைக் கேட்டார்கள், திருப்பூரில் கான்கிரீட் போடுவதற்கும் என்னைக் கேட்டார்கள். வானிலை பற்றி நான் படித்திருந்த புத்தகங்கள் அதிகம். அதனால் அவர்கள் கேட்பது நியாயம் என்றே நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நான் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் சென்னைப் புயல்.

"அங்க நாலு சொட்டு விழுந்தா மூணு நாளைக்கு ஓட்டுவானுங்க" என்றார் காய்கறி மண்டிக்காரர். "இங்க ரோடே சரிஞ்சு கீழ போனாலும் டிவி அடியில ஒரு வரி ஓடும். அதும் தங்கம் வெலைக்குப் பின்னாடி."

"அங்க புயல்னா நமக்கென்னங்க, ரெண்டு நாளைக்குத் துணி காயாது" என்றார் கல்லாவில் இருந்தவர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, உங்க மழ டப்பா என்ன சொல்லுது?"

"டப்பா சிரிக்குதுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் தங்கையின் போன் வந்தது.

அவள் சென்னையின் தென்பகுதியில், ஒரு வாடகை வீட்டின் தரைத்தளத்தில் இருந்தாள். அவள் கணவருக்குக் கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கட்டுப் பிரிக்கவில்லை.

"அண்ணா, தண்ணி வந்துட்டே இருக்குதுங்ண்ணா. மாடி ஊட்டுக்காரங்க மேல வந்துருங்கன்னு கூப்புடறாங்க. இவரத் தூக்கிட்டுத்தான் போகோணும். போலாமுங்களா, இருந்து பாக்கலாமுங்களா?"

"மழ விட்டா ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும் அம்மிணி. கட்டுப்போட்ட கால வெச்சுக்கிட்டு அவர எதுக்குப் படியேத்தற? ஊட்டுக்குள்ளயே இரு."

கடைக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். மண்டிக்காரர் தலையாட்டினார். "சரிங்ண்ணா" என்று அவள் வைத்துவிட்டாள். மற்றவர்களும் பதறக்கூடாதே என்று குழுவிலும் போட்டேன்.

எங்கள் ஊரில் என்றால் நான் சொன்னது பொய்யாகியிருக்காது. மலையில் தண்ணீர் தங்குவதில்லை. எவ்வளவு கொட்டினாலும், விட்ட அரை மணியில் ரோடு வெறும் ஈரமாகிவிடும், எல்லாம் பள்ளத்துக்குப் போய்விடும். எங்கள் பயமெல்லாம் மரமும் மண்ணும்தான். காற்று அடிக்கும்போது வெளியே போகாதே, வீட்டுக்குள் இரு என்பதுதான் இங்கே சரியான புத்தி. அந்தப் புத்தியைத்தான் ஏரியை மூடிக் கட்டிய ஒரு சமதரைக்கு அனுப்பிவைத்தேன்.

அங்கே மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டில்மேல் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்திருக்கிறாள். மறுநாள் மதியம் மாடிவீட்டுப் பையன்கள் இருவர் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, சேலையில் தொட்டில் கட்டி அவரை மேலே கொண்டுபோனார்கள். அதற்குள் கட்டு முழுக்க நனைந்திருந்தது. புண் சீழ் வைத்து இரண்டாவது முறை கத்தி வைத்தார்கள். இப்போது கைத்தடியோடு நடக்கிறார்.

அந்த இரண்டு நாளும் அவள் போன் கிடைக்கவில்லை. நான் மாடிக்குப் போய் மழை அளந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. என் மனைவி படியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த ஊட்டுக்கு எந்தப் பக்கம் சரிவுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பொங்கலுக்குப் பிறகு அவர்கள் இங்கே வந்து தங்கினார்கள். சாப்பாட்டின்போது யாரோ வெயில் சுகமாக இருக்கிறது என்று சொல்ல, மைத்துனர் தன் காலைத் தட்டி, "மச்சான், உங்க ஒரு மணி நேரம் இன்னும் முடியலீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை மட்டும் ரசத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை.

அதன்பின் நான் மழையளவை யாருக்கும் அனுப்புவதில்லை. பேக்கரிக்குப் போகிறேன். எங்கோ புயல் என்று டிவி கத்தும்போது, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். "டப்பா ரிட்டையர்டுங்களா?" என்று கேட்டார் கல்லாக்காரர். ஆமாம் என்றேன்.

கடந்த மே மாதக் கடைசியில் நீலகிரிக்கு ரெட் அலர்ட் போட்டார்கள். மூன்றாம் நாள் மாலை தங்கை கூப்பிட்டாள். பத்திரமா என்று கேட்கவில்லை.

"அண்ணா, சமையல்கட்டுக்குப் பின்னால மண்மேடு இருக்குதில்லீங்க, அதுல புதுசா வெடிப்பு இருக்குதுங்களா?"

"பாக்கல அம்மிணி."

"தடுப்புச் செவுத்து ஓட்டையில வர்ற தண்ணி தெளிவா வருதுங்களா, கலங்கி வருதுங்களா? போய்ப் பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனை மேசைமேல் வைத்துவிட்டு, மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். வெடிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. தடுப்புச் சுவரின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகக் கையை ஏந்திப் பார்த்தேன். தெளிவாகத்தான் வந்தது. திரும்பி வந்தபோது அவள் லைனில்தான் இருந்தாள். சொன்னேன்.

"சரிங்ண்ணா. இருந்தாலும் அண்ணிய முன் ரூம்ல படுக்கச் சொல்லுங்க. இருட்டறதுக்குள்ள இன்னொரு தடவ பாருங்க. கலங்குச்சுன்னா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம், யாரையும் கேக்காதீங்க, கெளம்பிருங்க."

யாரையும் கேட்காதீர்கள் என்றதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கோட்டு சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தேன். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி அப்போதே கேட்டிருக்கலாம், வாய்வரை வந்தது. "சரி அம்மிணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முன் அறையில் கட்டிலை இழுத்துப் போட்டோம். மேடு சரியவில்லை.

என் குறிப்புகளில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை எனக்குப் போன் செய்தபோது, தங்கை காய்ந்த தரையில் நின்றிருந்தாளா, தண்ணீரில் நின்றிருந்தாளா? தண்ணீரில் என்றால் எதுவரை? நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சரிபார்க்கப்படவில்லை.