நுவரெலியாவுக்கு வந்த கம்பளித் தொப்பி

திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்கு வாடகை வான் ஒன்றில் சுற்றுலா போனோம். என் பக்கத்து இருக்கைக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுவரெலியாக் குளிருக்கென்று, வழியில் கந்தளாய் வெயிலிலேயே கம்பளித் தொப்பியைப் போட்டுவிட்டார். அழகான இடம் எதுவானாலும் முதல் ஆளாக இறங்கி, அதற்கு முதுகைக் காட்டி நின்று, கைபேசியில் தன்னையே படம் எடுப்பார். மலையும் வாவியும் அவருடைய தோளுக்குப் பின்னால் எங்கோ கிடந்தன.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தினார். கங்காணி பார்க்கிறாரோ என்று பயந்தபடியே அவள் கேட்டாள்.

"எந்த ஊருங்க சார்?"

"திருகோணமலை. கடற்கரையிலதான் எங்கட வீடு."

"நான் கடலே பார்த்ததில்லைங்க. படம் இருக்குங்களா?"

"ஓம், எக்கச்சக்கமா இருக்கு. பாருங்கோ பிள்ளை."

அவர் கைபேசியைத் தள்ளித் தள்ளித் தேடினார். படத்துக்குப் படம் அவருடைய முகம்தான் வந்தது. கடைசியாக ஒன்றில், காதுக்குப் பின்னால் விரலளவு நீலம் தெரிந்தது.

"இந்தா, இதுதான் கடல்" என்றார் பெருமையாக.

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும் சார்."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் மட்டும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வானுக்குள் ஏறினார்.

அடுத்து வந்த ஓர் அருவியிலும் அவர்தான் முதலில் இறங்கினார், முதுகைக் காட்டி நின்றார். ஆனால் இம்முறை சற்று ஓரமாக நின்றார். அவள் சொன்னது உறைத்ததா, அல்லது தொப்பி நனைந்துவிடும் என்ற பயமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.