எங்கள் பட்டறையில் மெதுவாக ஓடிய பாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன்... மறுபடியும் மூடி வைத்துவிடுவேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இதில் வருகிறவர் என் மனைவியின் தம்பி. வாராவாரம் இந்தப் பத்தியில் கோயில், விரதம், வீட்டு விஷயம் என்று எழுதுகிறவன், திடீரென்று மச்சினனின் கிடார் பெருமையைப் பாடினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை பம்பாய் சுனாபட்டியில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்து இலைக்காரர், நான் யாரென்று தெரியாமல், என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார்.

"தாராவியில பிள்ளையாருக்கு முன்னால கிடாரை வச்சுக்கிட்டு ஆட்டம் போட்டானுவ. சாமி விடுமா? பாட்டையே மெதுவாக்கிட்டாரு."

ரசம் வந்தது. ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தேன். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் மனசு உறுத்தியது. சரி, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவோம்...

'ஹார்பர் ராக்கெட்ஸ்' என்று ஒரு ராக் குழு. செம்பூர்ப் பையன்கள் நாலு பேர். காலேஜ் நாளில் கிடாரும் டிரம்ஸுமாகத் தமிழில் சொந்தப் பாட்டு பாடிப் பெயர் வாங்கியவர்கள். அதில் பாடுகிறவர்தான் என் மச்சினன் சேகர். பிறந்து வளர்ந்ததெல்லாம் பம்பாய். தமிழ் எழுத வராது. தன் பாட்டைத் தானே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார்.

பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். ஒருவர் கல்ஃப் போனார். குழு கலைந்தது. சேகரின் கிடார் பீரோவுக்கு மேல் ஏறியது.

பல வருஷம் கழித்து, தலையில் முடி குறைந்த பிறகு, நாலு பேரும் மறுபடி சேர்ந்து ஒரு புதுக் கேசட் போட்டார்கள். இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

மாட்டுங்காவில் பழைய ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த வயசில் எதற்கு இந்தத் துள்ளல்? கொஞ்சம் நிதானம் வந்திருக்க வேண்டாமா? என்று கேட்டார்கள். அதே பழைய வேகம், பரவாயில்லையே என்று சிலர் சந்தோஷப்படவும் செய்தார்கள்.

தாராவியிலோ பேச்சே வேறு. குரல் கனிந்துவிட்டது என்றார்கள். அவசரமே இல்லை, சாமி பாட்டு கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். இரண்டொரு இளவட்டங்கள் மட்டும், இது ராக் இல்லை, தாலாட்டு என்று கிண்டல் செய்தார்கள்.

நான் தாராவியில் சட்டை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தையல் மெஷின் சத்தத்தோடு சத்தமாக எங்கள் டேப்ரிக்கார்டரில் நாள் முழுக்க அந்தக் கேசட்தான். கிடார் பாட்டு என்றாலே முகம் சுளிக்கிறவன் நான்... எனக்கே பிடித்துப்போனது. அதிலும் ஒரு மழைப் பாட்டு. ஆபீஸ் விட்டு வருகிற ஒருவன், வீடு போய்ச் சேரும்வரை நில்லு மழையே என்று கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ஆனால் எங்கள் பகுதியில் மழை என்றால் சும்மாவா? வாசல் தாண்டி அடுப்படிவரை தண்ணீர் வந்துவிடும். பக்கத்து வீட்டு இசக்கியம்மா, கட்டில் மேல் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார். மாரியம்மனைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருக்கும்.

சேகருக்குத்தான் தலை சுற்றியது. "ஒருத்தன் 'ஓடுதே'ங்கான், ஒருத்தன் 'தூங்குதே'ங்கான். நான் எதைத்தான் செய்யுதேன் அத்தான்?" என்பார். எனக்கு என்ன தெரியும்?

அந்த வருஷப் பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் பந்தலில் ராக்கெட்ஸ் பாடுவதென்று கமிட்டி முடிவு செய்தது. நானும் கமிட்டியில் இருந்தேன். பக்தியான பாட்டுதானே என்று பெரியவர்கள்கூடத் தடுக்கவில்லை. சேகரோ இதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார். என் மனைவியிடம் வந்து சொன்னார்:

"ஜனங்க எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா, கிடாரைக் கட்டி மறுபடியும் பீரோ மேல வச்சிருதேன் அக்கா. பிறகு தொட மாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் போனதும் என் மனைவி விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்னால் பட்டறைக்கு வந்தார். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு செருப்பைக் கழற்றியாயிற்று, மறு செருப்பு காலில்.

"யாரு அத்தான் பாடுதது?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தோம். "ஒன் பாட்டு ஒனக்கே தெரியலையா மாப்ளே?"

அவர் சிரிக்கவில்லை. துணி மூட்டையின்மேல் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். பிறகு என்னை நேராக யூசுப் பாய் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

யூசுப் பாய் கடையநல்லூர்க்காரர். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கிறவர். அந்தக் காலத்தில் எல்லோருமா ஒரிஜினல் வாங்குவார்கள்? ஒரே ஒரு ஒரிஜினல் அவர் கடையில். எங்கள் பகுதி முழுக்க அதன் காப்பிதான். பார்த்தால், ஒரிஜினல் ஓடுகிற மெஷினில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. பாட்டு மெதுவாக ஓடியிருக்கிறது, குரலும் இறங்கியிருக்கிறது. பக்கத்து மெஷின் அதை அப்படியே பதிந்திருக்கிறது. தாராவி கேட்டது ஒரு பாட்டு, ஒரிஜினல் வாங்கிய மாட்டுங்கா கேட்டது ஒரு பாட்டு!

யூசுப் பாய்க்கு முகம் சுருங்கிப் போயிற்று. "நானும் இதைத்தான தம்பி கேட்டுக்கிட்டிருந்தேன்... நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.

திரும்பி வரும்போது நான் மெல்லச் சொன்னேன். இவர்களுக்குப் பழகினது இதுதான், பந்தலில் மெதுவாகவே பாடிவிடேன் என்று.

"அது என் பாட்டு இல்ல அத்தான். ரப்பர் பெல்ட் பாடுன பாட்டு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே? தன் பாட்டைத் தன் வேகத்தில் பாட ஒருவருக்கு உரிமை இல்லையா?

நிகழ்ச்சி அன்று பந்தல் நிறைந்துவிட்டது. மாட்டுங்காவிலிருந்தும் சில பழைய ரசிகர்கள் வந்திருந்தார்கள். ஆரத்தி முடிந்து ராக்கெட்ஸ் ஆரம்பித்தார்கள். டிரம்ஸில் ராபர்ட். ஒரிஜினல் வேகம்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. எனக்குப் பின்னால் ஒருவர், "என்னவே, கடைசி லோக்கல் ரயிலைப் பிடிக்கப் போறானுவளா?" என்றார். இரண்டாவது பாட்டும் அதே ஓட்டம். ஓரத்தில் இருந்தவர்கள் எழுந்து நகர ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் சிலர் எழுந்தார்கள். மேடையில் சேகர் பாடிக்கொண்டேதான் இருந்தார், ஆனால் கண் முழுக்க அந்த ஓரத்தில். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாவதாக மழைப் பாட்டு. அதுவும் வேகமாகத்தான் தொடங்கியது.

முன்வரிசையில் இருந்த இசக்கியம்மா கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். தன் வேகத்தில். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு யாரையும் எதிர்க்கிற எண்ணமெல்லாம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த பாட்டு அதுதான். எழுந்து நின்ற பெண்களும் நின்றபடியே பாடினார்கள். மேடையில் ஒரு பாட்டு, கீழே ஒரு பாட்டு... சேகர் எதிலும் ஒட்டாமல் தடுமாறினார்.

ராபர்ட்டின் கை ஒரு கணம் தயங்கி நின்றது. குச்சியைத் தூக்கியபடி கீழே கேட்டார். பிறகு அந்தப் பெண்களின் வேகத்தில் அடித்தார்.

சேகர் திரும்பி அவரை முறைத்தார். ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டு அடித்துக்கொண்டே இருந்தார். சேகர் கிடாரிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தப் பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலை இறக்கி, அவர்களோடு பாடினார். பட்டறையில் நான் கேட்ட அதே பாட்டு. ஆனால் இப்போது பெல்ட் இல்லை, மனுஷன்.

அதற்குப் பிறகு யாரும் நகரவில்லை.

எல்லோருக்கும் பிடித்ததா என்றால், இல்லை. முடிந்ததும் மாட்டுங்கா ரசிகர் ஒருவர் மேடையருகே வந்து, "டெம்போவைக் கோட்டை விட்டுட்டியேப்பா" என்று வருத்தப்பட்டார். அவர் பின்னாலேயே இசக்கியம்மா. "இப்பதான்யா ஒழுங்கா பாடுன. மொதல்ல எதுக்கு அந்த ஓட்டம்?" சேகர் இருவரையும் கும்பிட்டார்.

கிடார் பீரோ மேல் ஏறவில்லை. இன்றும் அந்தப் பாட்டை மாட்டுங்காவில் வேகமாகவும் தாராவியில் மெதுவாகவும் பாடுகிறார். எது உன் பாட்டு மாப்ளே என்று கேட்டால் கிடாருக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிடுவார். பாட்டு வாசலைத் தாண்டிவிட்டால் அது யார் வீட்டில் எப்படி இருக்கும் என்று, அதைப் பெற்றவனுக்கே தெரியாது போலிருக்கிறது.

பெல்ட் தளர்ந்ததற்குப் பிள்ளையாரை இழுக்க எனக்கு மனசு வரவில்லை. ரப்பர் என்றால் ஒரு நாள் தளரத்தான் செய்யும். ஆனால் ராபர்ட்டின் கை தயங்கியதே... அந்த இடத்தில் மட்டும் நான் பந்தல் பிள்ளையாரைப் பார்த்துக் கை கூப்பினேன். இன்றும் நினைத்தால் கூப்புகிறேன்.

இந்தக் கதை உங்கள் பக்கத்து இலைக்காரரிடமோ, லோக்கலில் எதிர் சீட்டுக்காரரிடமோ பேச்சில் வந்தால், இதை இப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

காப்பி எடுக்கிற இடத்தில் கொஞ்சம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரிந்துவிட்டதே!