இருமலை வெட்டியவன்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் தம்பி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். அவன் செய்த காரியத்தைக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அம்மா ஒரு பக்திப் பாட்டு இசைத்தட்டில் கோரஸ் பாடியிருக்கிறாள். உறையில் தபேலாக்காரர் பெயர்கூட இருக்கிறது. கோரஸ் பாடின நாலு பெண்களின் பெயர் இல்லை. போட்டால் மை தீர்ந்துவிடுமா? நாலு குரலும் கலந்து கிடப்பதால் அம்மா குரல் எது என்று எங்களுக்கே பிடிபடாது. கடைசிச் சரணத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு இருமல் விழும். அது மட்டும் அம்மா. அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குரலைப் பதிந்துவைக்க எங்கள் வீட்டில் போன் கிடையாது. கடைசிக் காலத்தில் அவள் இருமினால் தண்ணீர்ச் செம்போடு ஓடுகிறவன் தம்பிதான்.

அவன் இப்போது குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறான். தட்டு அவனிடம் இருந்தது. பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறேன் என்று, பெட்டி மாதிரி மூடுகிற சிவப்பு பிளேயர் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தான். அழகைப் பார்த்து வாங்கினானாம். நான் போனபோது சாரல் ஈரத்தில் தட்டின் மேல் பூத்திருந்த பூஞ்சையை எண்ணெய்க் குளியல் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். பாட்டு தாவுகிறது என்று ஊசிக்கு மேலே ஒரு நாணயத்தை வேறு ஒட்டியிருந்தான். பாரம் கூடினால் ஊசி தட்டைக் கீறிவிடாதா?

"ஏலே, உழுது விதைக்கவா போற? இருக்கது ஒத்தத் தட்டு!"

தட்டைப் பிடுங்கிக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டேன். நாலு பேரிடம் விசாரித்து, ஊசியின் பாரத்தைக் கூட்டிக் குறைக்கப் பின்னால் எடை வைத்த சாதாரண டர்ன்டேபிள் ஒன்றை வாங்கினேன். கம்ப்யூட்டரில் செருக வயரும் அதிலேயே உண்டு. தம்பி லேப்டாப்போடு வந்து பாட்டை ஏற்றிக்கொண்டு போனான். மறுவாரம் போனும் கையுமாக வந்து நின்றான்.

"கேளுக்கா. கரகரப்பெல்லாம் போச்சு. நடுவுல அந்த இருமல் கெடந்துச்சுல்லா, அதையும் வெட்டிட்டேன்."

"அது அம்மைன்னு ஒனக்குத் தெரியாதாலே?"

"தெரியும்க்கா. லாட்ஜ்ல போடணும்லா? பாட்டுக்கு நடுவுல இருமுனா வாரவன் என்ன நெனைப்பான்?"

அருவியில் குளிக்க வருகிறவன் முகம் சுளிப்பானாம், அதற்காகப் பெற்றவளை வெட்டுவானாம்! பெயரைத்தான் உறைக்காரன் விழுங்கினான். மிச்சம் இருந்த இருமலை இவன் விழுங்கிவிட்டான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டியும் ஆறவில்லை. தட்டை எடுத்து வைத்து ஊசியை இறக்கினேன்.

"உக்காரு. முழுசாக் கேளு."

கரகரவென்று பாட்டு ஓடியது. அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். கடைசிச் சரணத்துக்கு முன்னால் அந்த இருமல் வந்தது.

தம்பி சட்டென்று எழுந்து அடுக்களைப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டான். அப்புறம்தான் நின்றான்.

"எங்கன போற?" என்றேன்.

"தண்ணி..." என்றான்.

பாட்டு முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்பம் வெட்டுலே, பாப்போம்" என்றேன்.